சிறு காரில் ஏர் இன்டேக் மாற்றம்: பொருத்தி, கழற்றி, அளந்து பார்த்த பிறகு எழுதுவது

நெடுஞ்சாலை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 1.2 லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட, டர்போ இல்லாத பெட்ரோல் கார். நான்கு மாதங்களுக்கு முன் அதில் வெளிச்சந்தையில் கிடைக்கும் ஏர் இன்டேக் செட் ஒன்றை நானே பொருத்தினேன். சென்ற வாரம் நானே கழற்றினேன். இடையில் நடந்தவற்றை அளவுகளோடு குறித்து வைத்திருக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கம்பெனியில் வந்த கறுப்பு பிளாஸ்டிக் ஏர் பாக்ஸை அப்படியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் அலுமினியக் குழாயும் அதன் முனையில் மூடியில்லாத கூம்பு வடிவ ஃபில்டரும் வைப்பதுதான் அந்த செட்டின் ஏற்பாடு. வேலை கடினமானதன்று. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரின் பிளக்கை அதன் பூட்டை அழுத்தி எடுத்தேன். இரண்டு கிளாம்ப்களையும் எஞ்சினின் வால்வு கவரை இன்டேக் குழாயோடு இணைக்கும் பிரீதர் ஹோஸையும் தளர்த்தி, ஏர் பாக்ஸைத் தாங்கும் மூன்று போல்ட்களைக் கழற்றியதும் பெட்டி கையோடு வந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டருக்கேற்பத் திறந்து மூடும் தகடு உள்ள த்ராட்டில் பாடியின் திறந்து கிடந்த வாயில் சுத்தமான துணியைக் கட்டினேன். அந்த நேரத்தில் ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும் அது எஞ்சினுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு சென்சாரைப் பழைய குழாயிலிருந்து எடுத்து, அதன் மெல்லிய ரப்பர் வளையம் மடியாமலும் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கும்படியும் புதிய குழாயில் திருகினேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எழுந்த உறுமலைக் கேட்டு, கார் முன்னைவிட வேகமாகப் பாய்கிறது என்றே முதல் சில நாட்கள் நம்பினேன். ஆனால் நெரிசலில் நின்று நின்று புறப்படும்போது பிக்கப் மந்தமாக இருப்பது போகப் போகத் தெரிந்தது. காரின் கணினி பதியும் அளவுகளைக் காட்டும் ஓபிடி ரீடரைச் செருகி உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்தேன். வெளியே 31 டிகிரி இருந்த நாளில், ஊர்ந்து செல்லும்போது 62 டிகிரி காட்டியது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போனபோது 41 டிகிரிக்கு இறங்கியது. பழைய ஏர் பாக்ஸை மாட்டிக்கொண்டு அதே பாதையில், அதே வெயிலில் போனபோது இந்த அளவுகள் 38 ஆகவும் 34 ஆகவும் இருந்தன. காற்றின் அடர்த்தி கெல்வின் கணக்கிலான வெப்பநிலைக்கு நேர்மாறாக மாறும் என்பதால், 38-இலிருந்து 62-க்கு ஏறினால் ஒவ்வொரு உறிஞ்சலிலும் ஏறத்தாழ 7 விழுக்காடு காற்றை எஞ்சின் இழக்கிறது. காற்று தாராளமாக வர வேண்டும் என்று ஃபில்டரை மாற்றிவிட்டு, ரேடியேட்டரின் சூடான மூச்சை எஞ்சினுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. நீண்டகால எரிபொருள் திருத்தம், அதாவது கணக்கிட்ட பெட்ரோலைக் காரின் கணினி எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்னும் அளவு, முன்பு +2 விழுக்காட்டில் இருந்தது. புதிய குழாய் வந்த பிறகு +11-இல் போய் நின்றுவிட்டது. எங்கேயாவது காற்று கசிகிறதா என்று எல்லா இணைப்புகளையும் பார்த்துவிட்டேன். காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்று_சிலிண்டர் எழுதியது:

நீங்கள் எழுதியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என்னுடைய 1 லிட்டர், மூன்று சிலிண்டர் காரில் இரண்டு ஆண்டுகளாகத் திறந்த கூம்பு ஃபில்டர்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் அது முன்னைவிட நன்றாக இழுக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் உணர்கிறேன். எரிபொருள் திருத்தமும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நெரிசலில் சூடாகும் என்பது உண்மைதான். ஆனால் வண்டி ஓடத் தொடங்கியதும் அந்தச் சூடு கலைந்துவிடும். ஒரு செட்டின் குழாய் சரியில்லாமல் போனதை வைத்து, மாற்றமே வீண் என்று முடிவு கட்டுவது நியாயமாகப் படவில்லை.

பட்டறை_மேசை எழுதியது:

இருவருடைய கார்களும் காற்றை அளக்கும் முறையிலேயே வேறுபட்டவை. அதைப் பிரித்துப் பார்க்காமல் பேசினால் இருவர் சொல்வதும் சரியாகத்தான் தோன்றும்.

நெடுஞ்சாலையின் காரில் இருப்பது சூடேற்றிய கம்பியைக் கொண்டு காற்றின் நிறையை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார். ஓடும் காற்று அந்தக் கம்பியைக் குளிர்விக்கும். அதைக் குறிப்பிட்ட வெப்பநிலையிலேயே வைத்திருக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதை வைத்துக் காற்றின் நிறை கணக்கிடப்படுகிறது. ஆனால் கம்பி பார்ப்பது குழாயின் நடுவே தன்னைக் கடந்து செல்லும் சிறு பகுதியை மட்டுமே. முழுக் குழாயில் எவ்வளவு போகிறது என்பதை, அந்தக் குழாயின் விட்டத்துக்கென்று எழுதிவைத்த அட்டவணையைக் கொண்டு எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ ஊகிக்கிறது. விட்டம் பெரிதானால் அதே அளவு காற்று மெதுவாகப் போகும். சென்சார் குறைத்துச் சொல்லும். ஈசியூவும் பெட்ரோலைக் குறைக்கும். பிறகு ஆக்சிஜன் சென்சார் கலவை மெலிந்திருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தத்தைக் கூட்டச் சொல்லும். சென்சார் உட்காரும் இடத்தில் பழைய குழாய், புதிய குழாய் இரண்டின் உள்விட்டத்தையும் வெர்னியர் காலிப்பர் கொண்டு அளந்து சொல்லுங்கள். கசிவாக இருந்தால், குறிப்பாக த்ராட்டிலுக்குப் பின்னால் கசிந்தால், திருத்தம் ஐடிலிங்கில் மிக அதிகமாக இருந்து சுற்று ஏற ஏறக் குறையும். உங்களுக்கு எல்லாச் சுற்றிலும் ஒரே அளவில் நிற்கிறதென்றால் அது கசிவாக இருக்காது.

மூன்று_சிலிண்டரின் காரில் அந்தச் சென்சாரே இருக்காது. பல சிறிய கார்களில் த்ராட்டிலுக்குப் பின்னால் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம், வெப்பநிலை, எஞ்சினின் சுற்று ஆகிய மூன்றையும் வைத்துத்தான் காற்றைக் கணக்கிடுகிறார்கள். அங்கே த்ராட்டிலுக்கு முன்னால் குழாயின் விட்டம் மாறினாலும் கணக்குப் பிசகுவதில்லை. ஆகவே உங்கள் திருத்தம் அசையவில்லை என்பது அந்த செட்டின் தரத்துக்குச் சான்றாகாது.

பிரீதர் ஹோஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பட்டறைக்கு வரும் கோளாறுகளில் இது அடிக்கடி வருவது. புதிய குழாயில் அதை மாட்டுவதற்கான காது இல்லாவிட்டால், பலர் வால்வு கவர் பக்கம் ஒரு சிறிய ஃபில்டரைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள காரில் அந்த வழியாக நுழையும் காற்று அளக்கப்படாமலேயே கிராங்க் கேஸ் வழியாக மேனிஃபோல்டுக்குப் போகும், ஐடிலிங் தடுமாறும், சில நாட்களில் கலவை மெலிந்துவிட்டது என்னும் பி0171 எச்சரிக்கையோடு விளக்கு எரியும்.

நெடுஞ்சாலை எழுதியது:

அளந்துவிட்டேன். பழையது 60 மி.மீ., புதியது 63 மி.மீ. திருத்தம் எல்லாச் சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

பட்டறை_மேசை எழுதியது:

அப்படியானால் கணக்கு நேராகிவிட்டது. 63-ஐ 60-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.10 வரும். குழாயின் பரப்பு 10 விழுக்காடு கூடியிருக்கிறது. உங்கள் திருத்தம் 9 விழுக்காடு ஏறியிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தால்கூடத் தெரியாத 3 மி.மீ. இந்த வேலையைச் செய்திருக்கிறது. அதே இடத்தில் 70 மி.மீ. குழாய் வைத்திருந்தால் பரப்பு 36 விழுக்காடு கூடியிருக்கும். அவ்வளவு பெரிய பிழையைப் பெரும்பாலான ஈசியூக்கள் திருத்தித் தாங்காது.

+11 தானே, ஈசியூ பார்த்துக்கொள்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது பல ஈசியூக்கள் ஆக்சிஜன் சென்சாரின் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டு அட்டவணையை மட்டும் நம்பிப் பெட்ரோல் கொடுக்கும். அதற்கு முன் கற்றுவைத்த திருத்தத்தைச் சில ஈசியூக்கள் அங்கும் சேர்க்கும், சில சேர்க்காது. சேர்க்காத காரில், எஞ்சின் மிக அதிகமாக உழைக்கும் வேளையில் கலவை மெலிந்து, எரி அறையின் சூடு ஏறி, நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கும் தட்டல், வரும்.

புதிய_ஓட்டுநர் எழுதியது:

ஐயா, எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. எனக்குப் பிக்கப் முக்கியமில்லை. ஃபில்டர் தாராளமாக இருந்தால் மைலேஜ் கூடும் என்று விற்பவர் சொன்னார், அது உண்மையா? துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர் எஞ்சினுக்கு நல்லதா?

பட்டறை_மேசை எழுதியது:

மைலேஜ் கூடாது. பெட்ரோல் காரை நிதானமாக ஓட்டும்போது த்ராட்டிலின் தகடு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. எஞ்சினுக்கு அளவோடுதான் காற்று போக வேண்டும் என்று நாமே கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, அந்தக் கதவுக்கு வெளியே வாசலை அகலப்படுத்துவதால் உள்ளே போகும் காற்று மாறாது. ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தால் தகடு இன்னும் சற்றுத் திறந்து அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் வேண்டுமென்றே அடைத்த ஃபில்டர்களைக் கொண்டு சோதித்தபோதும், எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ள புதிய கார்களில் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. முழு வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. அடைத்த ஃபில்டருக்கே இந்த நிலை என்றால், நல்ல காகித ஃபில்டரை மாற்றி மைலேஜ் எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

பருத்தி ஃபில்டரில் என் கவலை தூசியைப் பற்றியது. ஃபில்டர்கள் தூசியை எவ்வளவு பிடிக்கின்றன, எவ்வளவு தடையைத் தருகின்றன, எவ்வளவு தூசிக்குப் பிறகு அடைக்கின்றன என்பதைச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 5011 என்னும் தரமுறை இருக்கிறது. வாங்கப் போகும் ஃபில்டருக்கு அந்த முறையில் சோதித்த முடிவுகளைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். குதிரைத்திறனை மட்டும் பேசி இதைப் பேசாதவரிடம் வாங்க வேண்டாம். நுண்மணல் உள்ளே போனால் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் தேயும். அந்தத் தேய்மானத்தை எதைக் கொண்டும் திரும்பப் பெற முடியாது. துவைத்த பிறகு ஈரம் முழுதாகக் காயாமல் மாட்டுவதும், எண்ணெயை அதிகமாகப் பூசுவதும் தவறு. உபரி எண்ணெய் காற்றோடு கிளம்பிச் சென்சாரின் மெல்லிய கம்பியில் படியும். பிறகு அது சொல்லும் அளவு எதையும் நம்ப முடியாது.

நெடுஞ்சாலை எழுதியது:

கூம்பு ஃபில்டரைக் கழற்றிய பிறகு, இந்தக் காரில் காற்றுக்குத் தடை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு பொருளை வாங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் குழாய் போதும்.

60 செ.மீ. உயரமுள்ள பலகையில் அந்தக் குழாயை 'ப' வடிவத்தில் பொருத்தி, இரு கைகளிலும் 30 செ.மீ. வரை சாயம் கலந்த நீரை ஊற்றினேன். ஒரு முனை காருக்குள் காற்றோட்டமாகத் திறந்திருக்கும். மறுமுனையை நீளமான மெல்லிய ஹோஸ் ஒன்றால் பானெட்டுக்குள் கொண்டுபோய், த்ராட்டிலுக்கு முன்னால் வரும் ரப்பர் இணைப்பில் (இதற்கென்றே பழையது ஒன்றை வாங்கினேன்) போட்ட 4 மி.மீ. துளையில் செருகினேன். ஹோஸின் முனை உட்சுவரோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் ஓடும் காற்று அதன் மேல் மோதி அளவு தவறாகும். பிறகு ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் 6000 சுற்று வரை போனேன். நீர் மட்டத்தை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் செல்பேசியில் படம் பிடித்தார். ஓட்டுபவர் இதைப் பார்க்கவே கூடாது.

காற்றின் வழியில் தடை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு உறிஞ்சல் அங்கே ஏற்பட்டு நீரை மேலே இழுக்கும். முதல் முறை ஒரு கையில் நீர் 13 செ.மீ. ஏறியதைப் பார்த்து, தடை 13 என்று எழுதிவிட்டேன். ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் அதே அளவு இறங்குகிறது. இரண்டு மட்டங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே சரியான அளவு 26 செ.மீ. வளிமண்டல அழுத்தம் சுமார் 1033 செ.மீ. நீருக்குச் சமம் என்பதால் 26 செ.மீ. என்பது 2.5 விழுக்காடு. த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் தடைகள் அனைத்தையும் மாயமாக மறையச் செய்தாலும், இந்த எஞ்சினுக்குக் கூடுதலாகக் கிடைக்கக்கூடிய காற்று ஏறத்தாழ அவ்வளவுதான். நெரிசலில் வெப்பத்தால் நான் இழந்தது 7 விழுக்காடு என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

அடுத்து ஹோஸை ஏர் பாக்ஸின் அடிப்பகுதிக்கு, அதாவது காற்று ஃபில்டரைத் தொடுவதற்கு முன் உள்ள இடத்துக்கு மாற்றினேன். அங்கேயே 15 செ.மீ. தடை இருந்தது! ஃபில்டரும் பெட்டியும் சேர்ந்து 7 செ.மீ.; மீதி 4 செ.மீ. அதற்குப் பிறகு வரும் குழாய். விற்பவர்கள் எல்லாரும் ஃபில்டரைக் காட்டுகிறார்கள். என் காரில் பெரும்பகுதித் தடை ஃபில்டருக்கு முன்னால், காற்றை முகந்து வரும் 45 மி.மீ. மூக்குக் குழாயில் இருந்தது. 6000 சுற்றில் 1.2 லிட்டர் எஞ்சினுக்கு நொடிக்கு ஏறத்தாழ 60 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் குழாயில் அது நொடிக்கு 38 மீட்டர் வேகத்தில் போகிறது. கூர்மையான விளிம்போடு வெட்டி விடப்பட்ட வாயில் அவ்வளவு வேகமாக நுழையும் காற்று சுவரை விட்டு விலகிச் சுழலும். இழப்பு அங்கேதான் நேர்கிறது.

வெள்ளச்சாலை எழுதியது:

மூக்குக் குழாயை மாற்றுபவர்கள், அதன் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரை பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கும் செட்டை என் முந்தைய காரில் வைத்திருந்தேன். முழங்கால் அளவுகூட இல்லாத நீரில் மெதுவாகத்தான் போனேன். எதிரே வந்த லாரி எழுப்பிய அலை பம்பரில் ஏறியதும் எஞ்சின் ஒரே அடியில் நின்றது. கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் ஒன்று வளைந்திருந்தது. 1.2 லிட்டர் எஞ்சினின் ஒரு சிலிண்டர் 300 கன செ.மீ.; அழுத்த விகிதம் 10 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 33 கன செ.மீ. மட்டுமே. இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகமான நீர் உள்ளே போனாலே பிஸ்டனால் மேலே போக முடியாது. நீர் சுருங்காது, ராட்தான் வளையும். அப்படி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுற்ற வேண்டும்.

மூன்று_சிலிண்டர் எழுதியது:

நெடுஞ்சாலை சொன்னபடியே குழாய் பூட்டி, ஒரே நாளில் இரண்டு ஏற்பாடுகளையும் அளந்தேன். என் காரில் கம்பெனி ஏர் பாக்ஸோடு 14 செ.மீ., கூம்பு ஃபில்டரோடு 6 செ.மீ. தடையில் 8 செ.மீ. குறைந்திருக்கிறது, அது ஏறத்தாழ 0.8 விழுக்காடு. ஆனால் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதும் காற்று 5 டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கிறது, அதனால் 1.6 விழுக்காடு போய்விடுகிறது. இரண்டு ஆண்டுகளாக நான் ஆதாயம் என்று நினைத்தது நட்டம்.

எழுதச் சற்று வருத்தமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்: 4000 சுற்றுக்கு மேல் இழுக்கிறது என்று நான் உணர்ந்தது ஒலியைத்தான். ஏர் பாக்ஸின் பக்கத்தில் தொங்கும் வெற்றுப் பெட்டி, உறிஞ்சும் ஓசையை அடக்குவதற்காக வைக்கப்பட்டது. அதைக் கழற்றியதும் எஞ்சினின் குரல் மாறியது, குரல் மாறியதும் வேகமும் மாறியதாக மனம் எடுத்துக்கொண்டது. அந்த ஒலி எனக்கு இன்னமும் பிடிக்கிறது. ஆகவே கூம்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி மூடிய பெட்டி ஒன்று செய்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் உயரமான இடத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரப் போகிறேன். அலுமினியக் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்ற வேண்டுமா?

பட்டறை_மேசை எழுதியது:

அதை மாற்றத் தேவையில்லை. அரை மீட்டர் குழாயை நல்ல வேகத்தில் போகும் காற்று ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கடந்துவிடும். அதற்குள் அதிகம் சூடாகாது. நெரிசலில் நிற்கும்போது உலோகம் சூடேறுவது உண்மை; ஆனால் காற்றை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதற்கு முன் அது சிறியது. பெட்டியின் மேல் விளிம்பு பானெட்டோடு ரப்பர் பட்டையால் நன்றாக அடைபட வேண்டும். அங்கே இடைவெளி விட்டால் செய்த வேலை வீண்.

நெடுஞ்சாலை எழுதியது:

நான் கடைசியாகச் செய்தது இவ்வளவுதான். கம்பெனி ஏர் பாக்ஸ், கம்பெனிக் குழாய், புதிய காகித ஃபில்டர். மூக்குக் குழாயின் கூர்மையான வாயில் மட்டும் ஊமத்தம்பூப் போல விரிந்த, விளிம்பு உருட்டிய ஒரு முகப்பைப் பொருத்தினேன். அதன் உயரத்தை மாற்றவில்லை. மொத்தத் தடை 26-இலிருந்து 19 செ.மீ. ஆனது. ஆதாயம் 0.7 விழுக்காடு, 80 குதிரைத்திறன் எஞ்சினில் அது அரைக் குதிரைத்திறன். ஓட்டும்போது தெரியாது, ஆனால் எதையும் இழக்காமல் கிடைத்தது. எரிபொருள் திருத்தம் +2-க்குத் திரும்பிவிட்டது; வெப்பநிலை பழையபடி இருக்கிறது.

மூன்று_சிலிண்டர், பெட்டி செய்யும்போது எஞ்சின் ஆடும் தூரத்தை விட்டுவிடாதீர்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் மவுன்ட்களின் மேல் எவ்வளவு சாய்கிறது என்பதை வெளியே நிற்பவர் பார்க்கலாம். என் காரில் அது ஒன்றரை செ.மீ. குழாய்க்கும் பெட்டிக்கும் இடையே இரண்டு செ.மீ. இடமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ரப்பர் உராய்ந்து கிழியும். கிளாம்ப்களை ஒரு வாரம் ஓட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள்; புதிய சிலிக்கான் ஹோஸ் சூட்டில் சற்று அமர்ந்து தளர்ந்துவிடுகிறது. பெட்டி முடிந்ததும், முழு ஆக்ஸிலரேட்டரில் நீர் மட்டத்தையும் நெரிசலில் வெப்பநிலையையும் ஒரே நாளில் எடுத்து இங்கே போடுங்கள்.